சீட்டின் முதுகு: ஒரு கட்டின் தரம் எதனால் அளக்கப்பட்டது?

செப்படி வித்தை கற்றவர் ஒருவர் புதிய சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தால், இராசா, இராணி உருவங்களின் அழகை முதலில் நோக்குவதில்லை. கட்டைக் கவிழ்த்து அதன் முதுகைப் பார்க்கிறார். பின்னர் அதை வளைத்து, விட்டவுடன் நிமிர்கிறதா என்று காண்கிறார். விளிம்பை விரலால் தடவுகிறார். இறுதியில் விசிறியாக விரித்து, இடைவெளிகள் சீராக அமைகின்றனவா என்று சரிபார்க்கிறார். இச்சோதனைகள் தனிமனித இரசனையாகத் தோன்றக்கூடும். ஆயினும் இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் உற்பத்தி முறையோ, ஒரு மோசடியோ, அதைத் தடுக்க எழுந்த ஒரு மாற்றமோ இருக்கிறது. ‘நல்ல கட்டு’ என்னும் தொடரின் பொருள் காலந்தோறும் மாறிவந்துள்ளது. அம்மாற்றத்தைப் பின்தொடர்ந்தால், தரம் என்னும் சொல்லை எவ்வளவு கவனத்துடன் கையாள வேண்டும் என்பதும் புலப்படும்.

ஐரோப்பிய ஆவணங்களில் சீட்டாட்டம் 1370-களில் தோன்றுகிறது. 1377இல் ஃபுளோரன்ஸ் நகரம் அதற்குத் தடை விதித்தது. எகிப்தின் மம்லூக் ஆட்சிப் பகுதியிலிருந்து அது ஐரோப்பாவை அடைந்தது என்னும் கருத்துக்கு, இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் பாதுகாக்கப்படும் சீட்டுகள் வலுவான சான்றாகும். ஐரோப்பியக் கைவினைஞர்கள் மரக்கட்டையால் கோடுகளை அச்சிட்டு, வெட்டுத்தாள்களின் வழியே வண்ணம் பூசினர். உழைப்பு முழுவதும் முகப்பக்கத்துக்கே சென்றது. முதுகு பெரும்பாலும் வெறுமையாக விடப்பட்டது.

அவ்வெற்றிடம் வேறு பயன்களுக்கு உதவியது. அழைப்பிதழாகவும் குறிப்புத்தாளாகவும் பழைய சீட்டுகள் கைமாறின. பிரான்சின் கனடியக் குடியேற்றத்தில் நாணயத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அதன் நிருவாகி ஜாக் டி மூல் 1685இல் சீட்டுகளில் மதிப்பையும் கையொப்பத்தையும் இட்டுப் படைவீரர்களுக்கு ஊதியமாகவே வழங்கினார். ஆனால் எழுதுவதற்கு ஏற்ற அதே வெண்முதுகு ஆட்டத்துக்குப் பகையாயிற்று. வியர்வைக் கறை, நகக்கீறல், புகைப்படிவு ஆகிய எதுவும் அதில் மறையாது. சில நாள் ஆடிய கட்டில், கூர்ந்து நோக்குபவர் எதிராளியின் சீட்டை முதுகைக் கொண்டே அறிந்துவிடலாம். 1584இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரெஜினால்ட் ஸ்காட்டின் நூல் சீட்டு வித்தைகளை விளக்கியதோடு சூதாட்டக் கள்ளத்தையும் எச்சரித்தது. வித்தையும் மோசடியும் ஒரே கைத்திறனின் இரு பயன்கள் என்பது அக்காலத்திலேயே வெளிப்படையாகத் தெரிந்திருந்தது.

1830-களின் தொடக்கத்தில் இலண்டனில் தாமஸ் டி லா ரூ வண்ண அச்சு முறையைச் சீட்டுத் தொழிலுக்குக் கொண்டுவந்தார். பின்னர் ஓவன் ஜோன்ஸ் போன்ற அணிகலை வல்லுநர் அந்நிறுவனத்துக்காக முதுகு வடிவங்களை வரைந்தனர். அடர்ந்த கோலம் கறையை மறைத்தது. ஆயினும் புதிய சிக்கல் ஒன்றையும் உடன் கொணர்ந்தது. கோலம் தலைகீழாகத் திருப்பினாலும் ஒன்றாகவே தோன்றாவிடில், ஒரு சீட்டை மட்டும் திருப்பி வைத்து அதை அடையாளம் காண முடியும். அடர்ந்த கோலத்துக்குள் ஒரு புள்ளியைக் கூட்டியோ ஒரு கோட்டை அழித்தோ குறியிடுவதும் எளிதாயிற்று. முகப்பக்கத்திலும் இதே சிக்கல் இருந்தது. ஒற்றைத் தலை உருவங்களைப் பெற்றவர் அவற்றை நேராகத் திருப்பி வைக்கும்போதே தம் கையிருப்பைக் காட்டிக்கொடுத்தார். இருபுறமும் தலைகொண்ட உருவங்கள் 19ஆம் நூற்றாண்டில் பரவியதற்கு இது முக்கியக் காரணம். பிரெஞ்சு வித்தைக்காரர் ரொபேர் ஊடன் 1861இலும், ஆங்கிலேயரான ஜான் நெவில் மாஸ்கலின் 1894இலும் சூதாட்டக் கள்ளங்களை அம்பலப்படுத்தி நூல் வெளியிட்டனர். கட்டை ஐயத்துடன் ஆராயும் முறையை வாசகர்களுக்குக் கற்பித்தவர்கள் வித்தைக்காரர்களே.

இன்றைய அளவுகோல்கள் பெரும்பாலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருப்பெற்றவை. சின்சினாட்டியில் 1881இல் சீட்டு உற்பத்தியைத் தொடங்கிய நிறுவனம் 1885இல் ‘பைசைக்கிள்’ கட்டை வெளியிட்டது. நியூயார்க்கில் 1892இல் ‘பீ’ கட்டு வந்தது. இவ்விரண்டின் வேறுபாடு வித்தை பயில்வோருக்கு ஒரு பாடமாகும். பைசைக்கிளின் புகழ்பெற்ற முதுகில் கோலத்தைச் சுற்றி வெண்கரை உண்டு. முகப்பக்கத்தின் ஓரமும் வெண்மையே. ஆகவே கட்டின் நடுவே ஒரு சீட்டு இரகசியமாகத் திருப்பி வைக்கப்பட்டு, அதன் ஓரம் சிறிது வெளித்தெரிந்தாலும், பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு படாது. பீ கட்டின் கோலமோ விளிம்புவரை நீள்கிறது. அதில் திருப்பிய சீட்டின் வெண்ணோரம் உடனே பளிச்சிடும். ஆனால் மேற்சீட்டை விடுத்து இரண்டாம் சீட்டைப் பகிரும்போது, தொடர்ச்சியான கோலத்தில் எது நகர்ந்தது என்பதைக் கண் பிரித்தறிவது கடினம். ஆக, ஒரு வித்தையின் குறையே மற்றொன்றின் நிறையாகிறது. 1902இல் சிகாகோவில் எர்ட்னேஸ் என்னும் புனைபெயரில் வெளிவந்த நூல், சூதாட்ட மேசையின் தந்திரங்களையும் மேடை வித்தைகளையும் ஒரே அட்டைக்குள் வைத்தது. அதை எழுதியவர் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.

முதுகு கண்ணுக்கானது, பிற சோதனைகள் விரலுக்கானவை. இரு தாள்களைக் கருமை கலந்த பசையால் ஒட்டுவதால் ஒளி ஊடுருவாது. வளைத்தால் நிமிரும் தன்மையும் கிடைக்கிறது. மேற்பரப்பில் அழுத்தப்பட்ட நுண்குழிகள் காற்றைத் தாங்கி, சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்க உதவுகின்றன. வெட்டுக்கத்தி முகப்பக்கத்திலிருந்து இறங்கியதா, முதுகுப்பக்கத்திலிருந்து இறங்கியதா என்பதும் பொருட்டாகிறது. விளிம்பின் மிகச்சிறிய சாய்வு அதனால் தீர்மானிக்கப்படுகிறது. இரு பாதிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கும் ‘ஃபாரோ’ கலைப்பு எத்திசையில் எளிதாகும் என்பதை அச்சாய்வே முடிவு செய்கிறது. முதற்சீட்டும் கடைசிச் சீட்டும் இடம் மாறாத வகையில் பிழையின்றி எட்டு முறை இவ்வாறு கோத்தால், 52 சீட்டுகளும் தொடக்க வரிசைக்கே திரும்பிவிடும். இளமையில் வித்தைக்காரராக அலைந்து பின்னர் கணித அறிஞரான பெர்சி டயகோனிஸ், 1983இல் இருவருடன் இணைந்து இத்தகைய கலைப்புகளின் கணிதத்தை வெளியிட்டார். அக்கணிதம் கையில் நிகழ வேண்டுமெனில், கத்தி சரியாக இறங்கியிருக்க வேண்டும்.

விரல்வித்தை எனப்படும் அலங்காரக் கையாட்சி வேறொரு அளவுகோலை நாடுகிறது. மேடையில் விசிறிகளை மலர்த்திய கலைஞர்கள், சீட்டுகள் சீராக விரிவதற்குத் துத்தநாக ஸ்டியரேட் பொடியைத் தடவினர். தொலைவிலிருப்போர் காணும் வண்ணம் பளிச்சிடும் முதுகுகளை விரும்பினர். 2002இல் ஜெர்ரி செஸ்ட்கோவ்ஸ்கியின் கலைக்களஞ்சியமும், 2007இல் பக் சகோதரர்களின் காணொளித் தொகுப்பும் இத்துறையைத் தனிக்கலையாக நிறுவ உதவின. 2012இல் சிங்கப்பூரின் ‘வெர்ட்ஸ்’ குழு, அசைவில் எவ்வாறு தோன்றும் என்பதை முன்வைத்தே ஒரு கட்டை வடிவமைத்தது. வித்தைக்காரருக்குக் கட்டு சாதாரணமாகத் தோன்ற வேண்டும். எந்தக் கடையிலும் கிடைப்பது என்று பார்ப்பவர் நம்பினால்தான் வியப்பு கைகூடும். விரல்வித்தையாளருக்கோ கட்டே காட்சிப்பொருள். முன்னவருக்கு ஐயத்தை எழுப்பும் முதுகு பின்னவருக்கு அரங்கமாகிறது.

இவ்விரு அளவுகோல்களையும் இந்தியாவின் கஞ்சிஃபா சீட்டுகளின்மீது வைத்தால் என்ன நேரும் என்பது எண்ணத்தக்கது. பாபர் 1527இல் சிந்து நாட்டு ஆட்சியாளருக்குக் கஞ்சிஃபா அனுப்பியதைத் தம் வரலாற்றில் பதிந்துள்ளார். அபுல் ஃபசல் அக்பரின் சீட்டு வகைகளை விவரிக்கிறார். முகலாயக் கட்டு எட்டு வகைகளில் 96 சீட்டுகளையும், தசாவதாரக் கட்டு பத்து வகைகளில் 120 சீட்டுகளையும் கொண்டது. ஒடிசாவிலும், வங்காளத்தின் விஷ்ணுபூரிலும், மகாராட்டிரத்தின் சாவந்த்வாடியிலும், மைசூரிலும் ஓவியர்கள் இவற்றைக் கையால் தீட்டினர். ஒடிசாவில் துணி அடுக்குகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணம் பூசி, அரக்கு மெருகிடுவது வழக்கம். இச்சீட்டுகள் பெரும்பாலும் வட்டமானவை. அவற்றின் முதுகு ஒரே நிறத்தது. வட்டத்துக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. மடிக்க மூலையும் இல்லை. ஐரோப்பா அச்சுப்பொறியால் தீர்க்க முயன்ற திசைச் சிக்கல், இங்கு முதுகைப் பொறுத்தவரை வடிவத்தாலேயே எழாமற்போயிற்று.

எனினும், விறைத்த வட்டச் சீட்டை வளைத்துக் கலைக்க இயலாது. விசிறியாகச் சீராக வழுக்கி விரிக்கவும் அரிது. வித்தைக்கான சோதனையில் கஞ்சிஃபா முதல் படியிலேயே தோற்கும். ஆனால் அது அச்சோதனைக்காகச் செய்யப்படவில்லை. அரசவைக்கான தந்தச் சீட்டும் சந்தைக்கான துணிச் சீட்டும் தூரிகையின் நுட்பத்தாலும் பொருளின் அருமையாலும் வேறுபடுத்தப்பட்டன. மலிவான அச்சுச் சீட்டுகள் பரவியபோது கஞ்சிஃபா சுருங்கியது. விலை, எளிதில் கிடைத்தல், புதிய ஆட்டங்கள் ஆகியன அதன்மேல் அழுத்தம் செலுத்தின. அதைத் தரமற்ற பொருளின் தோல்வியாக எழுதுவது வரலாற்றுப் பிழை. 52 சீட்டுகளும் முதுகால் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலை நிறைவேற்றித் தந்த எதிர்பார்ப்பு. அதையே எக்காலத்துக்கும் எந்நாட்டுக்கும் உரிய அளவாகக் கொண்டால், ஓர் ஓவியர் மரபு முழுவதும் மதிப்பீட்டுக்கு வெளியே தள்ளப்படும்.

ஆகவே ஒரு கட்டைச் சோதிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, இக்கட்டு யாருடைய கைக்கு, யாருடைய கண்முன், எந்த ஆட்டத்துக்குச் செய்யப்பட்டது என்பதே. அதன் பின்னரே விளிம்பைத் தடவுவதும் விசிறியை விரிப்பதும் பொருளுடையனவாகும். பொருட்பண்பாட்டு வரலாற்றை எழுதுவோருக்கும் இவ்வொழுங்கு பொருந்தும்.