அப்பாவின் ரம்பத்துக்கு ஒரு பிடி

போன மாதம் ஒரு வேலையை முடித்தேன். அறுபது வருடம் தாமதமாக முடித்த வேலை. அதைச் சொல்லும் சாக்கில் ஒரு சரித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் அப்பா மன்னார்குடிப் பக்கம் தச்சு வேலை பார்த்தவர். கதவு, நிலை, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்வார். அவருடைய பெட்டியில் உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, வாச்சி, மூலைமட்டம் எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் அவர் உயர்வாக வைத்திருந்தது ஓர் அமெரிக்க ரம்பம். நான் பிறப்பதற்கு முன் மதராஸ் போனபோது மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் பதினோரு ரூபாய்க்கு வாங்கினாராம். அம்மா அந்தப் பதினோரு ரூபாயைக் கடைசி வரை மறக்கவில்லை. அப்பா அதை ரம்பம் என்று சொல்ல மாட்டார். "அந்த டிஸ்டனை எடுடா" என்பார்.

1964-இல் எனக்குப் பதினோரு வயது. அப்பா ஊரில் இல்லாத ஒரு மத்தியானம், கிட்டிப்புள் செய்வதற்காக அந்த டிஸ்டனை எடுத்துக்கொண்டு கொல்லைப் புளியமரத்தில் ஏறினேன். பாதிக் கிளை அறுபடும்போது கை வழுக்கி ரம்பம் கீழே விழுந்தது. கல் மேல் விழுந்ததால் பிடி இரண்டாக ஒடிந்துவிட்டது. அப்பா வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். ஒடிந்ததை வஜ்ஜிரம் போட்டு ஒட்டி, கம்பி சுற்றி, அதன் மேல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். 1991-இல் அவர் காலமாகும் வரை அதே கட்டுதான். கம்பி முனை உரசி அவருடைய வலது உள்ளங்கையில் ஒரு காய்ப்பு இருந்தது. ஊருக்கெல்லாம் மரவேலை செய்தவர் தன் ரம்பத்துக்கு ஒரு புதுப் பிடி செய்துகொள்ளவில்லை. அது எனக்கு அவர் தந்த தண்டனை என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன்.

நான் தபால் துறையில் சேர்ந்து, ஓய்வும் பெற்று, இப்போது எழுபத்தொரு வயது. தம்பி வீட்டுப் பரணிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்தேன். இங்கே கடைக்காரர் ஒருவரிடம் காட்டினால், "எதுக்கு சார் இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க? புது ரம்பம் பிளாஸ்டிக் பிடியோட சல்லிசா கிடைக்குது" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அந்தப் புது ரம்பத்தின் பல்லை மின்சாரச் சூட்டில் கடினப்படுத்தியிருப்பார்கள். அதில் அரம் ஏறாது. மழுங்கினால் தூக்கி எறிய வேண்டியதுதான். அப்பாவின் ரம்பத்தை முக்கோண அரத்தால் இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் தீட்டலாம்.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன்.

ரம்பத்துக்கு ஏன் இப்படி ஒரு வளைந்த பிடி? ஜப்பானியர்களின் ரம்பத்தைப் பாருங்கள். நீளமான நேர்க்கம்பு, அதில் பிரம்பு சுற்றியிருக்கும். அவ்வளவுதான். காரணம், அவர்கள் ரம்பத்தைத் தன் பக்கம் இழுத்து அறுக்கிறார்கள். இழுக்கும்போது தகடு விறைப்பாக நிற்கும், வளையாது. எனவே தகடும் மெல்லியதாக இருக்கலாம், பிடியும் எளிமையாக இருக்கலாம். ஐரோப்பியர்கள் தள்ளி அறுப்பவர்கள். தள்ளும்போது மெல்லிய தகடு மடங்கும். அதனால் தகடு அகலமாக இருக்க வேண்டும். கையின் பலம் பல்லுக்கு நேர் பின்னாலிருந்து போய்ச் சேரவும் வேண்டும். அதற்குத்தான் அந்த வளைந்த பிடி. மூன்று விரல் உள்ளே, ஆள்காட்டி விரல் வெளியே நீட்டித் தகட்டின் பக்கவாட்டில். நாலு விரலையும் உள்ளே திணிப்பவருக்குப் பிடி சின்னதாகத் தோன்றும். அது மூன்று விரலுக்காகவே செய்தது.

அகலமான நல்ல எஃகுத் தகடு பரவலாகக் கிடைத்த பிறகுதான் இந்த ரம்பம் பெருகியது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் மூசையில் உருக்கி ஒரே சீரான எஃகு வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். உருளைகளுக்கிடையே எஃகைத் தகடாக நசுக்கும் ஆலைகளும் வந்தன. அதன்பின் உலகத்துக்கே ரம்பம் செய்து கொடுத்த ஊர் ஷெஃபீல்டு. ஸ்பியர் அண்டு ஜாக்சன் என்ற பெயர் நம் ஊர்க் கடைகளிலும் தெரிந்த பெயர்தான். அதன் தொடக்கம் 1760.

அந்தக் காலத்துப் பிடி எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. பெஞ்சமின் சீட்டன் என்ற வாலிபனுக்கு 1796-இல் அவன் தகப்பனார் தச்சுக் கருவிகள் முழுதாக ஒரு தொகுதி வாங்கிக் கொடுத்தார். பையன் அவற்றுக்கு அழகான பெட்டி ஒன்று செய்து வைத்தான். ஆனால் கருவிகளை அதிகம் பயன்படுத்தவில்லை. அதனாலேயே அவை ஏறக்குறைய புதிதாகவே தப்பிவிட்டன. இங்கிலாந்தின் ராச்செஸ்டர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஷெஃபீல்டின் கென்யன் செய்த ரம்பங்கள் அதில் உண்டு. இன்று பழைய பாணியில் பிடி செய்பவர்கள் அந்த ரம்பங்களைத்தான் முன்மாதிரியாகப் பார்க்கிறார்கள். தகப்பனார் வாங்கித் தந்ததைப் பிள்ளை தொடாததால் சரித்திரத்துக்கு லாபம். எங்கள் வீட்டில் கதை நேர் எதிர்.

அப்பாவின் ரம்பத்துக்குப் பெயர் தந்த ஹென்றி டிஸ்டன் 1819-இல் இங்கிலாந்தின் டியூக்ஸ்பரியில் பிறந்தவர். 1833-இல் தகப்பனாரோடும் ஒரு சகோதரியோடும் கப்பலேறி அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கினார். இறங்கிய சில நாளிலேயே தகப்பனார் இறந்துபோனார். பதினாலு வயதுப் பையன் ஒரு ரம்பப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தான். 1840-இல் சொந்தப் பட்டறை. அமெரிக்கத் தச்சர்கள் ஷெஃபீல்டு ரம்பத்தைத் தவிர வேறொன்றை நம்பாத காலம் அது. எஃகையும் அங்கிருந்தே வரவழைக்க வேண்டியிருந்தது. 1855-இல் அவர் தானே எஃகு வார்க்கத் தொடங்கினார். 1872 முதல் டக்கோனி என்ற இடத்தில் பெரிய ஆலையும் தொழிலாளருக்கு வீடுகளும் கட்டினார். அந்த மனைகளின் பத்திரத்தில், இங்கே சாராயக்கடை வைக்கக் கூடாது என்று நிபந்தனையே எழுதியிருந்தார். 1878-இல் காலமானார். பிள்ளைகள் நடத்திய ஆலை உலகின் மிகப் பெரிய ரம்ப ஆலை என்று பெயர் வாங்கியது.

எங்கள் ரம்பம் டி-8 வகை. 1874-இல் காப்புரிமை பெற்ற வடிவம். அதுவரை நேராக இருந்த முதுகை இதில் சற்று உள்வளைத்திருந்தார்கள். எடை குறைந்தது, பார்வைக்கும் லட்சணம். பிடியில் பித்தளைத் திருகுகள். அதில் ஒன்று மட்டும் காசு அளவுக்குப் பெரியது, அதில் கம்பெனி பெயர் பொறித்திருக்கும். அந்த எழுத்துகள் அவ்வப்போது மாறியதால், அதை வைத்தே ரம்பத்தின் வயதைக் கணக்கிடுகிறார்கள். எங்களுடையது முதல் உலகப் போருக்குப் பிந்தியது.

பிடிக்கு என்ன மரம் தெரியுமா? ஆப்பிள்! ஷெஃபீல்டுக்காரர்கள் பெரும்பாலும் பீச் மரத்தில் செய்தார்கள். டிஸ்டன் உயர்ந்த வகைகளுக்கு ஆப்பிளும் மலிவானவற்றுக்குப் பீச்சும் போட்டார்கள். ஆப்பிள் மரம் நெருக்கமான இழை உடையது, சுலபத்தில் பிளக்காது, கை பட்டுப் பட்டு மழமழப்பாகும். பழைய பிடிகளில் கோதுமைக் கதிர் போலச் செதுக்கு வேலை கூட உண்டு.

காலம் போகப் போக இந்த அழகு தேய்ந்தது. முன்பு அரத்தால் உருட்டி உருட்டிக் கைக்குப் பதமாகச் செய்த பிடியை, பிறகு எந்திரம் வெட்டியபடியே விட ஆரம்பித்தார்கள். ஓரங்கள் மட்டும் மழுங்கியிருக்கும், நடுவே தட்டையாகக் கையை உறுத்தும். 1920-களில் கையில் பிடித்து ஓட்டும் மின்ரம்பம் வந்துவிட்டது. கைரம்பத்துக்கு யார் கூலி கொடுத்து இழைப்பார்கள்? டிஸ்டன் ஆலையை 1955-இல் வேறொரு கம்பெனி வாங்கியது. ஒரே வகை ரம்பத்தைப் பத்துப் பத்து வருட இடைவெளியில் வரிசையாக வைத்தால், பிடியைத் தொட்டுப் பார்த்தே எது முந்தியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சரி, நான் செய்த கதை.

முதலில் தேக்கில் செய்தேன். தேக்கு செதுக்க இதமாக வரும். ஆனால் பிடிக்கு மேலும் கீழும் கொம்பு போல நீண்ட முனைகள் உண்டல்லவா? அரம் போடும்போது கீழ்க்கொம்பு பட்டென்று போய்விட்டது. மர இழை எந்தத் திசையில் ஓடினாலும் இந்த வடிவத்தில் ஏதாவது ஓரிடத்தில் குறுக்கே வெட்டுப்பட்டே தீரும். மெலிந்த கழுத்தில் இழை நீளவாக்கில் ஓடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கொம்புகள்தான் எப்போதும் பலி. பழைய ரம்பங்களில் கொம்பு முழுசாக இருப்பவை குறைவு என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது முறை பூவரசு. 2018 கஜா புயலில் தம்பி வீட்டுக் கொல்லையில் விழுந்த மரம். பலகையாக அறுத்து நிழலில் அடுக்கி வைத்திருந்தான். "எடுத்துக்கிட்டுப் போண்ணே, கரையான்தான் திங்குது" என்றான். 22 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்தேன். அப்பாவின் ஒடிந்த பிடியை மேலே வைத்துப் பென்சிலால் வரைந்தேன்.

இதில் வரிசை முக்கியம். பலகை சதுரமாக இருக்கும்போதே தகடு நுழையும் பிளவை அறுத்துவிட வேண்டும், திருகுத் துளைகளையும் போட்டுவிட வேண்டும். வடிவம் செதுக்கிய பிறகு செய்யப் போனால் பிடித்துக்கொள்ளத் தட்டையான இடமே இருக்காது. பிளவு தகட்டின் கனத்துக்கு மேல் இருந்தால் ரம்பம் ஆடும். தகடோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. டிஸ்டன் ஆலையில் வட்ட ரம்பத்தால் பிளவு போட்டு அதன் முனைகள் வெளியே தெரியாமல் மறைத்திருப்பார்கள். கைரம்பத்தால் எனக்கு அது வரவில்லை. என் பிளவு மேலும் கீழும் தெரிகிறது. பழைய ஷெஃபீல்டு பிடிகளிலும் அப்படித்தான் தெரியும் என்று சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு வளைவுகளில் துளை போட்டு, மிச்சத்தை அறுத்து நீக்கி, அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் தடவினேன். பழைய பித்தளைத் திருகுகளையே எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிப் பூட்டினேன்.

மொத்தம் ஒன்பது நாள். அப்பா செய்திருந்தால் இரண்டு நாள் ஆகியிருக்கும். அந்தக் கணக்குப் போட்டபோதுதான் ஒன்று புரிந்தது. நாங்கள் ஐந்து பிள்ளைகள். அவர் தினக்கூலிக்காரர். ரம்பம் இல்லாமல் இரண்டு நாள் என்றால் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியாது. கம்பி சுற்ற அரைமணி நேரம் போதும். அது எனக்கான தண்டனையாக இருந்ததா என்று இனி யாரைக் கேட்பது? ஆனால் இருந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். தபால் ஆபீசில் ஒன்றாந்தேதி சம்பளம் வாங்கியவனுக்கு இது விளங்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

பழைய பிடியில் அப்பாவின் பெருவிரல் தேய்த்த ஒரு பள்ளம் உண்டு. அதையும் அப்படியே செதுக்கலாமா என்று யோசித்தேன். என் பெருவிரல் அங்கே உட்காரவில்லை, விட்டுவிட்டேன். அந்தப் பிடியைக் கம்பியும் டியூபுமாக அப்படியே துணியில் சுற்றி அப்பாவின் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தான். ஒரு வேப்பங்கட்டையை வைத்து அறுத்துப் பார்த்தான். பாதியில் நிறுத்திக் கையைப் பார்த்தான். "குத்தலைண்ணே" என்றான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பிடி ஒடிந்த ரம்பம் ஏதாவது கிடக்கலாம். தகட்டை நிமிர்த்திப் பாருங்கள். நேராக இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். திருகைக் கழற்றும்போது மட்டும் அவசரப்பட வேண்டாம். பித்தளை மிருதுவானது, தலை அறுந்துவிடும். ஒடிந்த பிடியை எறிந்துவிடாதீர்கள், அதுதான் உங்களுக்கு வரைபடம். மரத்துக்குக் கவலை வேண்டாம். எங்கள் பூவரசில் இன்னும் நாலு பலகை மிச்சம் இருக்கிறது.