பத்து பேர், பதினாலு நாள்: ஃபாரோ தீவுக்குப் போன ஒரு இளம் டாக்டரின் கதை

தட்டம்மை ஒரு தடவை வந்தா ஆயுசுக்கும் திரும்ப வராதுன்னு நம்ம வீட்டுப் பாட்டிகள் சொல்வாங்க. அது உண்மைதான். ஆனா அதை முதல்முதலா எண்ணிக்கையோட நிரூபிச்சது யார், எங்கே தெரியுமா? ஆய்வுக்கூடத்துல இல்லைங்க. வட அட்லாண்டிக் கடல் நடுவுல, ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையில இருக்கிற ஃபாரோ தீவுகள்ல.

வருஷம் 1846. பீட்டர் லுட்விக் பானும், வயசு 25. மருத்துவப் படிப்பை முடிச்சு ஒரு வருஷம்தான் ஆகுது. டென்மார்க் அரசு அவரையும் மானிகுஸ் என்ற இன்னொரு இளம் டாக்டரையும் ஃபாரோ தீவுகளுக்கு அனுப்புது. காரணம், அங்கே தட்டம்மை கொள்ளைநோயாப் பரவிக்கிட்டு இருந்தது. (பானும் பிறந்ததே போர்ன்ஹோம் என்ற தீவில்தான். கடலும் படகும் அவருக்குப் புதுசா இருந்திருக்காது.)

நோய் அங்கே எப்படிப் போச்சு? மார்ச் மாசக் கடைசியில கோபன்ஹேகனிலிருந்து ஒரு தச்சர் கப்பலில் தலைநகர் டோர்ஸ்ஹாவ்னுக்கு வந்து இறங்கினார். கிளம்புறதுக்கு முன்னாடி தட்டம்மை வந்தவங்களைப் பார்த்துட்டு வந்திருந்தார். வழியெல்லாம் நல்லாத்தான் இருந்தார். ஏப்ரல் தொடக்கத்துல அவருக்குத் தட்டம்மை. சுமார் ரெண்டு வாரம் கழிச்சு அவரோட நெருங்கிய நண்பர்கள் ரெண்டு பேருக்கு. அப்புறம் படகுல ஏறி தீவு தீவாகப் போயிடுச்சு.

தீவுகளின் மொத்த மக்கள்தொகை 7,782. அதில் சுமார் 6,000 பேர் சில மாதங்களுக்குள் படுத்துட்டாங்க. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

ஏன் இவ்வளவு பேர்? நம்ம ஊர்ல தட்டம்மை குழந்தைகள் நோய். ஏன்னா பெரியவங்களுக்குச் சின்ன வயசிலேயே வந்து போயிருக்கும், இல்லைன்னா ஊசி போட்டிருக்கும். ஃபாரோவில் அதுக்கு முன்னாடி தட்டம்மை வந்தது 1781-இல். நடுவுல 65 வருஷம் அந்த நோயையே யாரும் பார்க்கலை. ஆக 65 வயசுக்குக் கீழே இருந்த எல்லாருமே அந்த வைரஸுக்குப் பச்சைக்குழந்தை மாதிரிதான். அப்பா, அம்மா, பிள்ளை, வேலையாள்னு ஒரே வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல காய்ச்சலில் கிடந்தா, தண்ணி கொடுக்கக்கூட ஆள் இருக்காது. கொள்ளைநோயில் சாவு கூடுறதுக்கு இதுவும் ஒரு காரணம், பலரும் இதை யோசிக்கிறதில்லை.

1875-இல் ஃபிஜி தீவுகளில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஒரே தட்டம்மை அலையில் சுமார் 40,000 பேர் இறந்தாங்க, மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு. தட்டம்மை ஒரு ஊர்ல நிரந்தரமாத் தங்கணும்னா சில லட்சம் பேராவது அங்கே இருக்கணும். சின்னத் தீவுல எல்லாருக்கும் வந்து முடிஞ்சதும், பரவ ஆள் இல்லாம அதுவே செத்துடும். அடுத்த கப்பல் வரும்வரை நிம்மதி. ஆனா அந்த நிம்மதிதான் ஆபத்தும்.

பானும் கதைக்கு வருவோம். கையில மைக்ரோஸ்கோப் வேலை எதுவும் இல்லை. கிருமிக் கொள்கையே அப்போ வரலை. நோய்கள் கெட்ட காற்றால வருதுன்னு பெரிய பெரிய மருத்துவர்களே நம்பின காலம். இவர் செஞ்சது ஒண்ணே ஒண்ணு: படகிலும் நடந்தும் ஊர் ஊராப் போய், நோயாளிகளைப் பார்த்து, தேதி கேட்டார். எப்போ தடிப்பு வந்தது? அதுக்கு முன்னாடி யார் வந்தாங்க, நீங்க எங்கே போனீங்க?

கோபன்ஹேகனில் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது. சந்தையிலயா, சர்ச்சுலயா, பக்கத்து வீட்டுலயா, யாருக்குத் தெரியும்? ஆனா மாசத்துக்கு ஒரு படகு வர்ற ஊர்ல, வெளியாள் யார் வந்தாங்க, என்னைக்கு வந்தாங்கன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

அதுல ஒண்ணு ரொம்பப் பிரமாதம். ஜூன் 4 அன்று வெஸ்ட்மன்னா என்ற ஊரில் திமிங்கல வேட்டை. கூட்டமா வர்ற பைலட் திமிங்கலங்களைக் கரைக்கு ஓட்டிப் பிடிக்கிறது அந்த மக்களோட பழைய வழக்கம். பல ஊர்லேருந்து ஆட்கள் கூடுவாங்க. சோர்னுவீக் என்ற ஊரிலிருந்து ஒரு படகில் பத்து பேர் போய்ட்டு வந்தாங்க. ஜூன் 18 அன்று அந்தப் பத்து பேருக்கும் உடம்பில் தடிப்பு வந்தது. பத்துக்குப் பத்து! ஒரே நாளில்!

தொற்று உடம்புக்குள் போனதிலிருந்து தடிப்பு வர 13-14 நாள். இன்னைக்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கிற நோயரும்பு காலம் அதுதான். தட்டம்மை வைரஸை ஆய்வகத்தில் பிரிச்சு எடுத்தது 1954-இல். அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே இவர் வெறும் பென்சிலும் நோட்டும் வச்சுக் கண்டுபிடிச்சிட்டார். கெட்ட காற்று இல்லை, ஆளிலிருந்து ஆளுக்குப் போற நோய்னும் அடிச்சுச் சொன்னார். வெளியாட்களை உள்ளே விடாம அடைச்சு வச்ச ஊர்கள் தப்பிச்சதையும் எழுதி வச்சார்.

என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அந்தத் தாத்தா பாட்டிகள்தான். 1781-இல் தட்டம்மை வந்து பிழைச்சவங்களில் 98 பேரை பானும் தேடிப் பேசினார். அவங்களில் ஒருத்தருக்குக்கூட 1846-இல் திரும்ப வரலை. வயசானவங்களுக்கு நோய் வராது போலன்னு நினைக்கலாம் இல்லையா? அதுக்கும் அங்கேயே பதில் இருந்தது. 1781-இல் தப்பிச்சிருந்த முதியவர்களுக்கு இந்தத் தடவை வந்தது.

நடுவுல 65 வருஷம் ஊருக்குள் அந்த வைரஸே கிடையாது. இடையில் யாரும் நினைவுபடுத்தாமலேயே உடம்பு அந்த எதிரியை ஞாபகம் வச்சிருந்திருக்கு. பெரிய நகரத்துல இதை நிரூபிக்கவே முடியாது. அங்கே அடிக்கடி வைரஸ் எதிர்ப்பட்டுக்கிட்டே இருக்குமே!

பானும் 1847-இல் இதை அறிக்கையாக வெளியிட்டார். பிறகு பேராசிரியர் ஆனார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் பானும் இன்ஸ்டிட்யூட் அவர் பெயரில்தான் இருக்கு.

தட்டம்மைத் தடுப்பூசி 1963-இல் வந்தது, உடம்போட அந்த ஞாபகசக்தியை நம்பித்தான். தமிழ்நாட்டில் 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தப்போ வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்தி ஓடுச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போ முதல் டோஸ் 9 மாசம் முடிஞ்சதும், ரெண்டாவது 16-லிருந்து 24 மாசத்துக்குள். முதல் டோஸ் போட்டு ரெண்டாவதை மறந்த வீடுகள் நிறைய. உங்க வீட்டுக் குழந்தையோட தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்க. விட்டுப்போயிருந்தா, 5 வயசு வரைக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவாங்க. புதன்கிழமை காலையில போங்க.