ஏரி நாட்டுக்கு வந்த ஒட்டகங்கள்

சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியில் 1653-இல் கட்டிய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. கட்டியவர் ருஸ்தம், அஸ்தராபாத் ஊரைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன் என்று அங்குள்ள பாரசீகக் கல்வெட்டு சொல்கிறது. அஸ்தராபாத் இருப்பது காஸ்பியன் கடலுக்குப் பக்கத்தில். அவ்வளவு தூரத்து மனிதர் பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்தது மீர் ஜும்லாவின் ஊழியராக. மீர் ஜும்லா கோல்கொண்டா சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவின் தளபதி. அவரும் பாரசீகத்தில் பிறந்தவர்தான்.

எண்ணெய் வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்து, குதிரை வியாபாரத்தோடு கோல்கொண்டாவுக்கு வந்து, வைரச் சுரங்கங்களில் பணம் குவித்து, கர்நாடகப் பகுதியையே வளைத்துப் பிடித்தவர் மீர் ஜும்லா. 1650-களின் தொடக்கத்தில் அவரைப் பார்க்கச் சென்னைக் கோட்டையிலிருந்து போன ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் அவருடைய சொத்தைக் கணக்கிட்டு எழுதி வைத்தார்கள். சொந்தக் குதிரைகள் 4,000. யானைகள் 300. ஒட்டகங்கள் 400 அல்லது 500. பொதி சுமக்கும் மாடுகள் 10,000. கோல்கொண்டா, பீஜப்பூர், முகலாயர் நாடு என்று அவருடைய சரக்கு போகாத திசை இல்லை.

இந்தக் கணக்கில் கண்ணை நிறுத்துவது கடைசி இரண்டு எண்கள். மீர் ஜும்லா ஒட்டகத்தை அறியாதவர் அல்ல. பணமும் குறைவில்லை. ஆனாலும் ஓர் ஒட்டகத்துக்குக் குறைந்தது இருபது மாடு என்ற விகிதத்தில்தான் அவருடைய பொதி நடந்தது. பாலைவனக் கப்பல் என்று பேர் வாங்கிய விலங்கு இங்கே மாட்டிடம் தோற்றது ஏன்?

தமிழருக்கு ஒட்டகம் அப்போது புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் ஆணையும் பெண்ணையும் இளமையையும் எப்படி அழைக்க வேண்டும் என்று வகுக்கும்போது ஒட்டகத்தையும் விடவில்லை. பெண் ஒட்டகம் பெட்டை, இளையது கன்று. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார், ஓய்மா நாட்டு எயிற்பட்டினக் கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டையைப் பார்த்துவிட்டு, ஒட்டகம் படுத்துத் தூங்குவது போல் இருக்கிறது என்கிறார். கேட்பவர்கள் ஒட்டகத்தைக் கண்டிருந்தால்தான் அந்த உவமை எடுபடும்.

அகநானூற்றின் 245-ஆம் பாடல் இன்னும் நுட்பம். பாலை வழியில் காய்ந்து கிடக்கும் வெள்ளெலும்பு ஒட்டகத்தின் பசியைத் தீர்க்கிறது என்று மதுரை மருதன் இளநாகனார் பாடுகிறார். இலை தின்னும் விலங்கு எலும்பைக் கடிக்குமா? கடிக்கும். மேய்ச்சலில் பாஸ்பரஸ் குறைந்தால் ஒட்டகம் எலும்பைத் தேடி மெல்லும் என்பது இன்று கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த சங்கதி. யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் அந்த வரி பாட்டுக்குள் வந்திருக்க வேண்டும்.

பெயரும் உவமையும் இலக்கணமும் இருந்தன. ஒட்டகத்தை வளர்த்துப் பிழைக்கும் குடி மட்டும் தமிழ்நாட்டில் உருவாகவில்லை. ஆட்டுக்கு இடையர் உண்டு. ஒட்டகத்துக்கு ராஜஸ்தானின் ராய்க்கா, ரெபாரி மக்களைப் போல இங்கே யாரும் இல்லை. அது எப்போதும் வெளியூர்க்காரராகவே வந்து போனது.

காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. திமிலில் தண்ணீர் இருக்கிறது என்பது வெறும் கதை. உள்ளே இருப்பது கொழுப்பு. உடம்புக் கொழுப்பை ஒரே இடத்தில் மூட்டை கட்டி வைத்திருப்பதால் மற்ற இடங்களில் வெப்பம் எளிதாக வெளியேறுகிறது. தண்ணீர்ச் சிக்கனம் வேறு வழிகளில் நடக்கிறது. 1953-54-இல் அல்ஜீரியாவின் பெனி அப்பாஸ் பாலைச்சோலையில் தங்கி ஒட்டகங்களை ஆராய்ந்த நட் ஷ்மிட்-நீல்சன், தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல்வெப்பம் விடியலில் 34 டிகிரி செல்சியஸுக்கு இறங்கி, பிற்பகலில் 40 டிகிரிக்கு மேல் ஏறுவதைக் கண்டார். வெயில் ஏறும்போது வியர்த்துத் தண்ணீரை இழக்காமல், சூட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவில் அதை வெளியே விடுகிறது. உடல் எடையில் கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் இழந்தாலும் தாங்குகிறது. பிறகு தொட்டியைக் கண்டால் பத்து நிமிடத்தில் 100 லிட்டர் வரை குடித்துவிடும். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு ரத்தச் சிவப்பணு வட்டமாக இருக்கும். ஒட்டகத்துக்கு முட்டை வடிவம். ஒரே மூச்சில் அவ்வளவு தண்ணீர் உள்ளே போனாலும் அணு உப்புமே தவிர உடையாது.

இத்தனை ஏற்பாடும் வறண்ட ஊருக்கானது. அம்பத்தூர் ஏரி, ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் என்று கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு ஒரு நீர்நிலை வைத்திருக்கும் பகுதியில் தண்ணீர்ச் சிக்கனத்துக்கு என்ன மதிப்பு? ஜெய்சால்மரில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழை, சென்னையில் சுமார் 1,400 மில்லிமீட்டர். கடலோர இரவின் புழுக்கத்தில், பகலில் சேர்த்த சூட்டை இறக்கி வைக்கக் குளிரும் கிடையாது.

அடுத்தது கால். ஒட்டகத்துக்குக் குளம்பு இல்லை. இரண்டு விரல்களுக்கு அடியில் அகலமான மெத்தை போன்ற பாதம். மணலில் புதையாமல் விரிந்து நிற்கும். ஐப்பசி மழையில் ஊறிய களிமண்ணில் அதே பாதம் வழுக்கும். கால் அகண்டு, சுமையோடு விழுந்த ஒட்டகத்தைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாடு. மாட்டின் பிளந்த குளம்போ சேற்றில் ஊன்றி மேலே வந்துவிடும்.

மூன்றாவது எதிரி ஈ. 1880-இல் பஞ்சாப் பகுதியின் தேரா இஸ்மாயில் கானில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ், நோயுற்ற குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் நெளியும் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். ‘சுர்ரா’ என்று ஊர்மக்கள் சொன்ன நோய்க்கு அதுதான் காரணம். மாடு, குதிரைகளைக் கடித்து ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் அதைப் பரப்புகின்றன. மழையும் ஈரமும் இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். காய்ச்சல் விட்டுவிட்டு வரும், திமில் வற்றும், விலங்கு மெலிந்துகொண்டே போகும். மூன்று வருடம் இழுத்தடிக்கும் நோய் என்பதால் ராஜஸ்தானில் இதற்கு ‘திபர்சா’ என்று பெயர். ஒட்டுண்ணியையே அறியாத காலத்திலும், ஈர நாட்டுக்குக் கொண்டுபோன ஒட்டகம் தேறாது என்பது ஓட்டுபவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஆக, மீர் ஜும்லாவின் கணக்கு அனுபவம் போட்ட கணக்கு. வறண்ட தக்காணப் பாதைகளுக்கு ஒட்டகம், மற்றதற்கெல்லாம் மாடு என்று பிரித்திருக்க வேண்டும்.   

அடுத்த நூற்றாண்டின் போர்களும் இதே தீர்ப்பைத்தான் சொல்லின. ஹைதர் அலி வேகமாகப் படை நகர்த்தியதற்கு அம்ரித் மகால் பண்ணை மாடுகள் பெரிய துணை. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு ஆங்கிலேயர் விடாமல் கைப்பற்றிப் பேணியவற்றில் அந்த மாட்டுப் பண்ணையும் ஒன்று. ஆங்கிலேயப் படையின் தென்னிந்தியச் சுமையும் மாட்டின் முதுகில்தான் ஏறியது. தானியம் சுமந்த லம்பாடிகளின் பொதிமாட்டுக் கூட்டம் இல்லாமல் எந்தப் படையும் தூரம் போகவில்லை.

மண்ணில் இடம் கிடைக்காத ஒட்டகத்துக்குப் பாட்டில் நல்ல இடம் கிடைத்தது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் நபிகளின் வாழ்வைத் தமிழ்க் காப்பியமாக்கியபோது அரபு நாட்டு ஒட்டகமும் தமிழ் யாப்புக்குள் நடந்து வந்தது. அதற்கென்று தனிப் படலமே வைத்தார்: ‘ஒட்டகை பேசிய படலம்’.

நம் காலத்தில் ஒட்டகம் சென்னைக்கு வந்த பாதை பக்ரீத் பாதை. குர்பானிக்கு ஆடு என்றால் ஒருவர் பங்கு. மாடு, ஒட்டகம் என்றால் ஏழு பேர் கூட்டாகச் சேரலாம். பெருநாளுக்கு முன் ராஜஸ்தான் பக்கத்திலிருந்து நீண்ட பயணத்தில் கொண்டுவரப்பட்ட ஒட்டகங்களைப் பார்க்கவே சிறுவர் கூட்டம் சேரும். 2016-இல் அந்தப் பாதை அடைபட்டது. ஒட்டகத்தை அறுப்பதற்குரிய வசதி கொண்ட அறுப்புக்கூடம் மாநிலத்தில் இல்லை என்ற நிலையில், சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டில் ஒட்டக அறுப்புக்குத் தடை விதித்தது.

அதற்கு முன்பே வடக்கிலும் கதவு மூடிக்கொண்டிருந்தது. 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்த ராஜஸ்தான், 2015-இல் அதை அறுப்பதற்கும் கட்டுப்பாடின்றி வெளிமாநிலம் கொண்டுபோவதற்கும் எதிராகச் சட்டம் இயற்றியது. ஆனாலும் எண்ணிக்கை மீளவில்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019-இல் இரண்டரை லட்சமாயின. டிராக்டரும் லாரியும் வந்தபின் சுமைக்கு அதை யாரும் தேடுவதில்லை. விற்கவும் வழியில்லாதபோது மேய்ப்பவர் எதற்காக வளர்ப்பார் என்று ராய்க்காக்கள் கேட்கிறார்கள்.

இதற்கிடையே போக்குவரத்து திசை மாறியிருக்கிறது. 1961-இல் ஆவடியில் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையின் டாங்கிகள் ராஜஸ்தான் மணலுக்குச் சோதனைக்குப் போகின்றன. ஆவடியில் உருவான அர்ஜுனும் அங்கேதான் ஓட்டிப் பார்க்கப்பட்டது. அதே மணலில் எல்லைப் பாதுகாப்புப் படையினர் இன்றும் ஒட்டகத்தின் மேல் ரோந்து போகிறார்கள்.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இப்போது ஒட்டகம் வருவது எப்போதாவது பொருட்காட்சிச் சவாரிக்கு. முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, நெஞ்சில் காய்த்துப் போன தடித்த தோல் தரையில் பதிய உட்காரும். பிள்ளையை ஏற்றியதும் பின்கால்தான் முதலில் எழும். பிள்ளை முன்னால் சரிந்து அலறும், அப்பா செல்போனில் படம் எடுப்பார். பக்கத்தில் சின்னதாக ஒன்று நின்றால் “அங்க பாரு, ஒட்டகக் குட்டி” என்பார். மரபியலைக் கேட்டால் அது கன்று.