சூசையின் மௌனமும் தறிக்காரர் வீடும்

நான்கு சுவிசேஷங்களையும் துருவிப் பார்த்தாலும், சூசை என்னும் தச்சர் வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தை அகப்படாது. கனவு காண்கிறார், விழித்தெழுகிறார், மனைவியையும் பச்சிளங் குழந்தையையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்படுகிறார், அவ்வளவே. இந்த மௌனியைக் காப்பியத் தலைவனாக்கத் துணிந்தவர், இத்தாலியிலிருந்து வந்து தமிழிலேயே கரைந்துபோன வீரமாமுனிவர். 1726-இல் அவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 செய்யுட்களும் கொண்டது. அதில் சூசைக்கு வளன் என்று பெயர். தாவீதின் குலத்தவரேயாயினும் உளி பிடித்துப் பிழைத்த ஒருவரை, படையெடுப்பும் முடிசூட்டலும் கண்டு பழகிய காப்பிய பீடத்தில் ஏற்றியது சாமானியத் துணிவன்று. இல்லறத்தையும் துறவறத்தையும் ஒரே கூரையின்கீழ் இணைத்துக் காட்ட, 'ஈரறம் பொருத்து படலம்' என்று ஒரு படலமே அதில் வகுத்திருக்கிறார். குறளின் இல்லறவியலில் ஊறிய தமிழ் வாசகனுக்கு இந்த யூதக் குடும்பஸ்தர் அந்நியராகத் தோன்றாததில் வியப்பில்லை.

பின்னர் வந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), பெத்லகேமைக் குறவஞ்சிக்குள் கொண்டுவந்தார்; குறத்தியையும் குறி சொல்லும் மரபையும் அறிந்த ஜனங்களுக்கு அதுவே இசைவான வாசலாயிற்று.

கவிஞர்கள் வழிகாட்டிவிட்டார்கள், ஆனால் பழகிய கதையில் புது அர்த்தம் காண்பதற்கு, என் அபிப்பிராயத்தில், கவிஞனைவிடத் தொழிலாளியே தகுந்தவன். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் வழியிலுள்ள ஐயம்பேட்டையின் நெசவுத் தெருவில் நின்று அப்போஸ்தலர் நடபடிகளின் 18-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ரோமாபுரியை விட்டு யூதர்கள் வெளியேற வேண்டுமென்று கிலவுதியு ராயன் கட்டளையிட, அதனால் பெயர்ந்து கொரிந்துவில் குடியேறிய ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்து ஜீவிக்கிறார்கள். தொழில் ஒன்றாயிருந்தமையால் பவுலும் அவர்கள் வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறார். பிரசங்கிகள் இந்த வசனத்தை விரைந்து கடந்துவிடுவதே வழக்கம். தறிக்காரர் வீட்டிலோ அது நிற்கவைக்கும் வசனம். ஏனெனில் இங்கே தறிதான் வீடு. புருஷன் தறிக்குழியில் அமர, மனைவி தார் சுற்றித் தருகிறாள். கோர்வைப் புடவையானால் கரை நாடாவைத் தள்ள வேறொருவரும் பக்கத்தில் அமர்ந்தாக வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் அன்றைய வேலை பாழ். கோவிலுக்கு விட்ட பிள்ளை சாமுவேலுக்கு வருஷந்தோறும் சிறு சட்டை தைத்துக்கொண்டுபோன அன்னாளின் கதையையும் இவ்வீட்டுத் தாய்மாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் அளவு கூட்டித் தைத்திருப்பாள் என்பது அவர்களுக்குத் தானே விளங்கும்.

புடவை விலைக்குப் போகையில், அதை நெய்தவர் என்று சொல்லப்படுவது தறியில் அமர்ந்தவரின் பெயர் மாத்திரமே. தார் சுற்றியவளின் பெயரை எவரும் கேட்பதில்லை. பவுலோ ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் அந்தத் தம்பதிகளை வாழ்த்தும்போது, பிரிஸ்கில்லாளின் பெயரை முதலில் எழுதி, ஆக்கில்லாவின் பெயரை அதற்குப் பின்னால் வைத்தார்.