முடியாத தேடல்

ஒரு நிறுவனத்தில் யார் வேலை பார்க்கிறார்கள், யாருக்கு எந்தக் குழுவில் இடம், யாருடைய கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் வைத்திருக்கும் பதிவேடுதான் டைரக்டரி. அதில் ஏதாவது மாறியதும் தானாகவே நம் நிரலுக்குச் சேதி வருவது இன்று சாதாரணம். ஆனால் அந்த வசதி டைரக்டரியோடு சேர்ந்து பிறக்கவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸும் கூட்டாளிகளும் எல்டாப் நெறிமுறையை உருவாக்கியபோது, எக்ஸ்.500 டைரக்டரியைச் சாதாரண மேசைக் கணினியிலிருந்து வாசிக்க எளிய வழி கிடைப்பதே அவர்கள் கவலையாக இருந்தது. 1993 ஜூலையில் அதன் வரையறை, ஆர்எஃப்சி 1487 என்ற ஆவணமாக வந்தது. கிளையண்ட் கேட்கும், சர்வர் பதில் சொல்லும். கேட்காமல் சர்வர் பேசாது. வாசிப்பு அதிகம், எழுத்து குறைவு என்ற உலகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. 1997 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு, கேளாமலே சர்வர் ஒரு சேதி அனுப்ப இடம் கொடுத்தது. அத்தகைய சேதியின் எண் 0. ஆனால் அப்படிச் சொல்ல அது வரையறுத்திருந்தது ஒன்றைத்தான்: இணைப்பைத் துண்டிக்கிறேன் என்பது.

அதனால் நிரல் எழுதுகிறவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியாகக் கேட்ட நேரத்துக்குப் பின் மாறிய பதிவுகளைக் கொடு என்று, மாற்ற நேரத்தை வைத்துத் தேடுவார்கள். சேர்ந்ததும் மாறியதும் இதில் சிக்கிவிடும். நீக்கப்பட்டது சிக்காது. இல்லாத பதிவுக்கு ஏது மாற்ற நேரம்? ஒருவரை வேலையிலிருந்து எடுத்து அவர் பதிவை அழித்துவிட்டால், பழைய நகலை வைத்திருக்கும் அஞ்சல் சர்வர் அவரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். உடனே தெரிந்தாக வேண்டிய மாற்றமே தெரியாமல் போனது.

ஹவ்ஸ், மார்க் ஸ்மித், கார்டன் குட் ஆகியோர் நெட்ஸ்கேப்புக்குப் போனபின், ராப் வெல்ட்மனோடு சேர்ந்து ஒரு வழி சொன்னார்கள். எனக்கு இன்றும் வியப்பளிக்கும் வழி அது. எல்டாப்பில் தேடினால் பதிவுகள் ஒவ்வொன்றாக வரும், கடைசியில் 'தேடல் முடிந்தது' என்ற சேதி வரும். அந்தக் கடைசிச் சேதியை அனுப்பாமல் விட்டால்? தேடல் திறந்தே கிடக்கும். பிறகு பொருத்தமான பதிவு ஒன்று மாறும்போதெல்லாம் சர்வர் அதை அந்தத் தேடலின் அடுத்த விடையாக அனுப்பலாம். நெறிமுறையைப் புதிதாக எழுத வேண்டியதில்லை, தேடல் கோரிக்கையோடு ஒரு கட்டுப்பாட்டை (கன்ட்ரோல்) ஒட்டினால் போதும். எந்த வகை மாற்றங்கள் வேண்டும் என்பதை அதில் ஓர் எண்ணால் சொல்லலாம். சேர்த்தல் 1, நீக்கல் 2, மாற்றல் 4, பெயர்மாற்றம் 8. நீக்கலும் பெயர்மாற்றமும் மட்டும் வேண்டுமென்றால் 10. வரும் பதிவோடு என்ன வகை மாற்றம் என்ற குறிப்பும் வரும். பெயர் மாறியிருந்தால் பழைய பெயரும் சேர்ந்து வரும். இதற்குப் பெயர் பெர்சிஸ்டென்ட் சர்ச்.

அதே காலத்தில் ஜாவா தன் நிகழ்வு முறையை மாற்றிக்கொண்டிருந்தது. 1997இல் வந்த ஜேடிகே 1.1இல், நிகழ்வு வேண்டும் என்பவர் ஒரு லிசனரைப் பதிவு செய்வார். நிகழ்ந்ததும் அதன் மெத்தட் அழைக்கப்படும். டைரக்டரிகளுக்கான சன் நிறுவனத்தின் ஜாவா இடைமுகமான ஜேஎன்டிஐ, தன் 1.2 பதிப்பில் இந்த முறையையே எடுத்துக்கொண்டது. பதிவு சேர்ந்தாலும் போனாலும் பெயர் மாறினாலும் சொல்ல ஒரு லிசனர், உள்ளடக்கம் மாறினால் சொல்ல இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் பொத்தானைச் சொடுக்குவதற்கு எழுதும் லிசனர் போலவே இருக்கும். உள்ளே நடப்பது வேறு. லிசனரைப் பதிவு செய்ததும் சன்னின் எல்டாப் பகுதி தனி இழை ஒன்றைத் தொடங்கி, பெர்சிஸ்டென்ட் சர்ச்சை 'கட்டாயம்' என்ற குறியோடு அனுப்பி, முடியாத அந்தத் தேடலின் விடைகளுக்காகக் காத்திருக்கும்.

இரண்டு லிசனர்களுக்கும் பொதுவாக ஒரு மெத்தட் உண்டு: பிழை நேர்ந்தால் சொல்வது. அது அழைக்கப்பட்டுவிட்டால் லிசனரின் பதிவும் ரத்தாகிவிடும், அதன்பின் எந்தச் சேதியும் வராது. பலர் அதன் உடலை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். இந்தத் தொகுப்பில் முதலில் எழுத வேண்டிய மெத்தட் அதுதான் என்பேன்.

இணைப்பு அறுந்து மீண்டும் ஒட்டுவதற்கு இடையில் நடந்ததை யார் சொல்வது? பெர்சிஸ்டென்ட் சர்ச்சுக்கு அதற்குப் பதில் இல்லை. அதன் வரைவும் ஆர்எஃப்சி ஆகாமலே காலாவதியானது. பதில் 2006 ஜூனில், கர்ட் ஜெய்லெங்காவும் ஜோங் ஹ்யூக் சோயும் எழுதிய ஆர்எஃப்சி 4533இல் கிடைத்தது. அதிலும் தேடல் திறந்தே கிடக்கும். கூடவே, எதுவரை பார்த்தாய் என்பதற்கு சர்வர் ஒரு குக்கீ தரும். அறுந்து திரும்பி வரும் கிளையண்ட் அதைக் காட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நீக்கப்பட்டவற்றின் கணக்கு சர்வரிடம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை: மாறாமல் இருப்பவை இன்னின்னவை என்று அடையாள எண்களைச் சொல்லிவிடும், அந்தச் சுற்றில் பேர் வராதவற்றை கிளையண்ட் அழித்துவிடும். மாற்ற நேரத்தை வைத்துத் தேடியவர்களுக்குக் கடைசிவரை கிடைக்காத விடை இது.

மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி இரண்டு வழிகளையும் எடுக்கவில்லை. தனக்கென்று ஓர் அறிவிப்புக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. ஓர் இணைப்புக்கு வழக்கமான வரம்பு 5 அறிவிப்புத் தேடல்கள். ஜேஎன்டிஐ லிசனரை அதனிடம் பதிவு செய்தால் பிழை எண் 12 வரும்: கட்டாயம் என்று நீ கேட்ட வசதி என்னிடம் இல்லை என்று பொருள். பயனர் அடையாளங்களை நிர்வகிக்கும் மென்பொருளான ஃப்ரீஐபிஏவின் டிஎன்எஸ் சர்வரை டைரக்டரியோடு இணைக்கும் செருகுநிரல், ஒரு காலத்தில் பெர்சிஸ்டென்ட் சர்ச்சை நம்பியிருந்து பிறகு ஆர்எஃப்சி 4533க்கு மாறிக்கொண்டது. ஜாவாவின் லிசனரோ இன்றும் நெட்ஸ்கேப்பின் கட்டுப்பாட்டையே அனுப்புகிறது.