படத்தில் தெரியாத காயம்: குழந்தைகளின் தண்டுவடமும் எக்ஸ் கதிரும்

மாடிப்படியிலிருந்து விழுந்த ஒரு குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறது. கை கால்கள் அசைகின்றன. எக்ஸ் கதிர்ப் படத்தில் முறிவோ பிறழ்வோ இல்லை. பெற்றோர் நிம்மதியுடன் வீடு திரும்புகின்றனர். ஓரிரு நாட்களில் கால்கள் செயலிழக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இத்தகைய நிகழ்வுகளுக்கு மருத்துவத்தில் தனிப் பெயர் இருக்கவில்லை. எலும்பு முழுமையாக இருந்தால் அதற்குள் இருக்கும் தண்டுவடமும் முழுமையாக இருக்கும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பின்னர் முதுகெலும்புக் காயத்தைத் தீர்மானிக்கும் உரிமை மெல்ல மெல்லப் படத்தின் கைக்குச் சென்றது. அப்படத்தை வாசிக்கும் கண்ணோ வளர்ந்தவர்களின் எலும்புகளில் பழகிய கண்.

இதனால் நேர்ந்த பிழை ஒன்றல்ல, இரண்டு. அவை எதிரெதிர்த் திசையில் அமைந்தவை. முதற்பிழை, இல்லாத காயத்தைக் காண்பது. சிறு குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரியது; கழுத்துத் தசைகள் வலுவற்றவை; முள்ளெலும்புகளை இணைக்கும் மூட்டுகள் ஏறத்தாழக் கிடைமட்டமாக அமைந்தவை. எனவே கழுத்து குனியும்போது இரண்டாம் முள்ளெலும்பு மூன்றாவதன் மீது முன்னோக்கி வழுக்குவது இயல்பு. வளர்ந்தவரின் படத்தில் இது கண்டால் ஆபத்தின் அறிகுறி. 1965இல் காட்டெல், ஃபில்ட்சர் ஆகிய இருவரும் கழுத்தில் எவ்விதக் காயமும் இல்லாத 160 குழந்தைகளின் படங்களை ஆராய்ந்து, இந்த ‘பொய்ப் பிறழ்வு’ சிறு வயதினரிடம் பரவலாக இருப்பதைக் காட்டினர். எளிய செயல்தான். ஆனால் நலமான குழந்தையின் கழுத்து எப்படியிருக்கும் என்ற கேள்வியை முறையாகக் கேட்க எழுபது ஆண்டுகள் ஆயின என்பதைக் கவனிக்க வேண்டும். 1977இல் ஸ்விஷுக், முதல் மற்றும் மூன்றாம் முள்ளெலும்புகளின் பின்பகுதியை இணைத்து ஒரு கோடு வரைந்தார். இரண்டாவது எலும்பின் பின்பகுதி அக்கோட்டிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் மெய்யான காயத்தை ஐயுற வேண்டும் என்றார். அக்கோடு இன்றும் கதிரியல் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

இரண்டாம் பிழை இதனினும் கொடியது: இருக்கும் காயத்தைக் காணாமற்போவது. இதன் விளக்கத்திற்கான தடயம் 1960இலேயே கிடைத்திருந்தது. பிறப்பின்போது தண்டுவடம் சிதையும் நேர்வுகளை ஆராய்ந்த லெவெந்தால், பச்சிளங்குழவியின் முதுகெலும்புத் தொடர் ஏறத்தாழ 2 அங்குலம் வரை அறுபடாமல் நீளக்கூடியது என்றும், தண்டுவடமோ கால் அங்குலத்துக்கு மேல் தாங்காது என்றும் எழுதினார். உறை நீண்டு மீண்டும் தன் நிலைக்கு வந்துவிடுகிறது; உள்ளிருக்கும் நரம்பு அறுந்துபோகிறது. அதன் பிறகு எடுக்கப்படும் படத்தில் எலும்புகள் வரிசை குலையாமல் நிற்கின்றன.

1982இல் பிட்ஸ்பர்க் நகரின் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்லிங் பாங், ஜேம்ஸ் வில்பெர்கர் ஆகியோர் இத்தகைய 24 குழந்தைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டு, இந்நிலைக்கு ‘ஸ்கைவோரா’ என்ற சுருக்கப் பெயரைச் சூட்டினர். கதிர்ப்படத்தில் கோளாறு தெரியாத தண்டுவடக் காயம் என்பது அதன் பொருள். எட்டு வயதுக்குக் குறைந்தோரிடம் பாதிப்பு கடுமையாக இருந்தது. ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் செயலிழப்பு உடனே தோன்றவில்லை. சிலருக்கு நான்கு நாட்கள் வரை தாமதித்தது. ஆனால் அவர்களுள் பலர், அடிபட்ட கணத்தில் கை கால்களில் மின்சாரம் பாய்ந்தது போன்ற கூச்சத்தையோ மரத்துப்போதலையோ சிறிது நேரம் உணர்ந்ததை நினைவுகூர்ந்தனர். அந்தச் சில நிமிடங்களே எச்சரிக்கை. அதைக் கேட்டறிந்து கழுத்தை அசையாமல் காத்திருந்தால், பின்வந்த செயலிழப்பைத் தவிர்க்கும் வாய்ப்பு இருந்தது. கட்டுரையின் நிலைத்த பங்களிப்பு அதன் பெயர்சூட்டலைவிட இதில்தான் உள்ளது எனலாம்: குழந்தையின் சொல் ஒரு மருத்துவச் சான்றாக ஏற்கப்பட்டது.

பெயருக்கு நேர்ந்த கதி வேறு. எம்.ஆர்.ஐ. பரவியபின், கதிர்ப்படம் காட்டாத வீக்கமும் குருதிக்கசிவும் நார்க்கிழிசலும் கண்ணுக்குப் புலப்பட்டன. குருதிக்கசிவு பெரிதாயின் மீட்சி அரிது, வெறும் வீக்கமாயின் நம்பிக்கை உண்டு என்று முன்கணிக்கவும் முடிந்தது. ‘படத்தில் தெரியாதது’ என்ற பெயர், படத்தில் தெரியும் ஒன்றுக்கு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நோயறிதலுக்கு முந்தைய கட்டத்திலும் இதே அளவுகோற் பிழை இருந்தது. தட்டையான பலகையில் கிடத்தப்படும் சிறு குழந்தையின் பெரிய பின்தலை கழுத்தை முன்னோக்கி வளைத்துவிடுகிறது என்பதை 1989இல் ஹெர்சென்பெர்க் குழுவினர் சுட்டிக்காட்டினர். காப்பதற்காகச் செய்த பலகையே காயத்தை மிகுவிக்கக்கூடும். பின்தலைக்குக் குழியமைப்பதோ மார்பை உயர்த்துவதோ அவர்கள் கூறிய தீர்வு.

சி.டி. ஸ்கேன் எளிதில் கிடைக்கத் தொடங்கியதும் எல்லோரையும் படமெடுத்துவிடும் போக்கு வளர்ந்தது. 2001இல் பிரென்னரும் சகாக்களும் குழந்தைப் பருவக் கதிர்வீச்சின் புற்றுநோய் அபாயத்தை மதிப்பிட்ட பின்னர் அதற்குத் தடை எழுந்தது. அப்படியானால் யாருக்குப் படம் தேவையில்லை? அதே ஆண்டில் வெளிவந்த நெக்சஸ் ஆய்வின் குழந்தைப் பிரிவில் 3,065 பேர் இருந்தனர். கழுத்தெலும்புக் காயம் இருந்தவர்கள் 30 பேர் மட்டுமே. 2024இல் அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் இணைந்து 22,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஆராய்ந்து வகுத்த விதியில், உடனடி சி.டி. கோரும் அறிகுறிகளுள் கூச்சமும் மரத்துப்போதலும் இடம்பெறுகின்றன. பிட்ஸ்பர்க் குழந்தைகள் நினைவுகூர்ந்த அதே உணர்வுகள்.

பேசத் தெரியாத குழந்தையிடம் இக்கேள்வியைக் கேட்க முடியாது. நெக்சஸின் 3,065 பேரில் இரண்டு வயதுக்குட்பட்டோர் 88 பேர். அவர்களுள் காயமுற்றவர் ஒருவருமில்லை. அந்த வயதினருக்கு அவ்விதி பொருந்தும் என்றோ பொருந்தாது என்றோ அந்த எண்ணிக்கையைக் கொண்டு சொல்ல இயலவில்லை.