வாயைத் திறந்து சொல்லுங்கள்!

கத்திவாக்கத்தில் நாலு பேர் ஷிஃப்ட் முடிந்து சீட்டாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நூறு ரூபாய் கட்டுகிறார். அடுத்தவரிடம் சில்லறை இல்லை. பேசாமல் ஐந்நூறு ரூபாய் நோட்டை நடுவில் வைக்கிறார். இப்போது அவர் கட்டியது நூறா, ஐந்நூறா? சீட்டு நல்லதாக வந்தால் 'ஐந்நூறுதான்' என்பார். சொதப்பினால், 'நாலு நூறு மீதி கொடுப்பா' என்பார். சண்டை நிச்சயம்!

உலகின் மிகப் பழைய சூதாட்டக் கதைகளில் ஒன்றிலும் இதே சிக்கல்தான். பாரதத்தில் தருமன் முதலில் தன்னையே வைத்துத் தோற்கிறான். பிறகு திரௌபதியை வைக்கிறான். 'அவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா?' என்று கேட்டு அனுப்புகிறாள் அவள். தன்னையே இழந்தவனுக்கு இன்னொருவரைப் பந்தயம் வைக்க ஏது உரிமை? பீஷ்மராலேயே தீர்ப்பு சொல்ல முடியவில்லை. தர்மம் நுட்பமானது என்று நழுவிவிட்டார். வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் அந்தக் கேள்வி இன்றும் விடிய விடிய ஒலிக்கிறது.

சரி, கோர்ட்டுக்குப் போகலாமா? பி.காம். படித்தவர்களுக்கு 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் ஞாபகம் இருக்கும். 29-வது பிரிவு: தெளிவில்லாத ஒப்பந்தம் செல்லாது. 'நூறு டன் எண்ணெய் தருகிறேன்' என்றால் போதாது, என்ன எண்ணெய்? ஆனால், சொன்னவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி என்றால் செல்லும். அவர் மனதில் இருந்தது புரிந்துவிடுகிறதே! அடுத்த வீட்டிலேயே 30-வது பிரிவு: பந்தய ஒப்பந்தம் செல்லவே செல்லாது. ஆக, தெளிவாகக் கட்டினாலும் அந்தப் பணத்தைக் கோர்ட் வாங்கித் தராது.

அதனால் ஆடுகிறவர்களே சட்டம் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. லாஸ் வேகாஸில் 1970-ல் தொடங்கியது போக்கர் உலகத் தொடர். ஊருக்கு ஊர், கிளப்புக்கு கிளப் விதி மாறியதில் ஏகப்பட்ட தகராறு. 2001-ல் போட்டி நடத்துநர்கள் சங்கம் அமைத்துப் பொது விதிகளை எழுதினார்கள். நம் நோட்டுப் பிரச்னைக்கும் அதில் பதில் உண்டு. எதிராளி நூறு கட்டியிருக்கும்போது, பேசாமல் ஒரே ஒரு ஐந்நூறு சிப் வைத்தால் அது நூறுதான்; மீதி திரும்ப வரும். உயர்த்த வேண்டுமா? சிப் மேஜையைத் தொடும் முன் 'ரெய்ஸ்' என்று சொல்லியாக வேண்டும். தொகை சொல்லாவிட்டால் ஐந்நூறும் போச்சு. யாரும் இன்னும் கட்டாதபோது மௌனமாக வைத்தால், அப்போதும் முழு ஐந்நூறு!

கவனித்தீர்களா? தேங்காய் எண்ணெய்க்காரரின் மனதைச் சட்டம் படிக்கப் பார்க்கிறது. போக்கர் விதி அந்த வேலைக்கே போகவில்லை. சீட்டாடுகிறவன் மனசை யார் படிப்பது? வாய் என்ன சொன்னது, எப்போது சொன்னது, அவ்வளவுதான் கணக்கு.

நீங்கள் சீட்டைத் தொடாதவராக இருக்கலாம். ஆனால், மச்சானுக்குக் கைமாற்றாகப் பத்தாயிரம் தந்திருப்பீர்கள். கடனா, உதவியா? எப்போது திருப்புவார்? கேட்கக் கூச்சப்பட்டு, பணத்தை மட்டும் நீட்டியிருப்பீர்கள். அந்த மௌனத்தில்தான் பல உறவுகள் உடைந்தன.

அடுத்த முறை, பணம் கை மாறுவதற்கு முன் வாயைத் திறந்துவிடுங்கள்.